ஆர்.என்.ஏ–புரதத் துகளை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்ப்பது எப்படி? புதிதாக வருபவர்களுக்கு

போன மாதம் ஒரு தங்கச்சி ஐஸ் பெட்டியைக் கையில் பிடித்தபடி எங்கள் நுண்ணோக்கி அறைக்கு வந்தார். முதுகலை முதலாம் ஆண்டு, தினமும் கிள்ளானிலிருந்து ரயிலேறி கோலாலம்பூர் வருபவர். "அக்கா, ரைபோசோம் சாம்பிள் கொண்டு வந்திருக்கேன். ரெண்டு மணிக்கு மைக்ரோஸ்கோப் புக் பண்ணியாச்சு" என்றார். "ஜெல் ஓட்டிப் பார்த்தியா ம்மா?" என்று கேட்டேன். இல்லை. 260 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சுதல் எவ்வளவு காட்டியது? எடுக்கவில்லை. சாம்பிள் கரைந்திருக்கும் பஃபர் என்ன? "பி.பி.எஸ்., அக்கா." பாஸ்பேட் கலந்த உப்புக் கரைசல் அது. அன்று இரண்டு மணிநேரமும் திரையில் கறுப்புக் கறுப்பாகப் படிந்திருந்த வீழ்படிவைத்தான் பார்த்தோம். கட்டணம் மட்டும் முழுசாகப் போனது.

அவர் மேல் தப்பில்லை. புதிதாக வருகிறவர்களுக்குக் கருவியின் பொத்தான்களைச் சொல்லித்தர ஆள் இருக்கிறது. கருவிக்கு முந்தைய வேலையைச் சொல்லித்தரத்தான் ஆளில்லை. இத்தனை வருடத்தில் நான் கண்டது ஒன்றுதான்: இந்த வேலையில் முக்கால் பங்கு, துகளை உடையாமல், சுத்தமாக, சரியான அளவில், நுண்ணோக்கிக்குள் போகும் சின்ன வலையான கிரிட்வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது. அது நடந்துவிட்டால் மீதியைக் கருவி பார்த்துக்கொள்ளும். அதனால் இந்தக் கட்டுரையும் பெரும்பாலும் கிரிட்டுக்கு முந்தைய கதைதான்.

எதைப் பார்க்கப் போகிறோம்

உயிரணுவுக்குள் ஆர்.என்.ஏ. தனியாகத் திரிவது குறைவு. அநேகமாக எப்போதும் புரதங்கள் அதைச் சுற்றிக்கொண்டிருக்கும். புரதம் தயாரிக்கும் ரைபோசோம், ஆர்.என்.ஏ.வை வெட்டி ஒட்டும் ஸ்ப்ளைசோசோம், பல வைரஸ்களின் உள்ளே சுருண்டிருக்கும் நியூக்ளியோகேப்சிட் எல்லாமே ஆர்.என்.ஏ–புரதத் துகள்கள்தாம்.

சாதாரண ஒளி நுண்ணோக்கியால் சுமார் 200 நானோமீட்டருக்குக் கீழே பிரித்துக் காட்ட இயலாது. ரைபோசோமின் குறுக்களவோ 20 முதல் 25 நானோமீட்டர். 200 கிலோவோல்ட்டில் ஓடும் எலெக்ட்ரானின் அலைநீளம் 0.0025 நானோமீட்டர்தான் என்பதால், அந்த உலகத்துக்குள் நுழைய எலெக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டியிருக்கிறது. 1955-இல் ஜார்ஜ் பலாடே உயிரணுச் சீவல்களில் சின்னச் சின்னப் புள்ளிகளைக் கண்டு எழுதினாரே, அவைதாம் பிறகு ரைபோசோம் என்று பெயர் பெற்றன. அந்தப் புள்ளிகளின் அணுவமைப்பைக் கண்டறிந்ததற்காக 2009-இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர், சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன். அந்தப் பரிசு எக்ஸ்-கதிர்ப் படிகவியல் வழியே வந்தது. பிறகு அவருடைய ஆய்வுக்குழுவே, துகளை உறையவைத்துப் பார்க்கும் கிரையோ நுண்ணோக்கிக்கு மாறியது. படிகம் வளர்க்காமலேயே அமைப்பைக் காண முடிகிறபோது யார்தான் மாறமாட்டார்கள்?

பழகுவதற்கு ஈ. கோலை ரைபோசோம்

உங்கள் ஆய்வுத் தலைப்பு எதுவாக இருந்தாலும் சரி, முதல் மாதம் ஈ. கோலை என்ற பாக்டீரியாவின் ரைபோசோமில் கை பழகுங்கள். ஏராளமாகக் கிடைக்கும். வடிவம் எல்லாருக்கும் தெரிந்தது. எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஆர்.என்.ஏ. என்பதால் படத்தில் பளிச்சென்று தெரியும், ஆர்.என்.ஏ.வின் பாஸ்பரஸ் எலெக்ட்ரான்களைப் புரதத்தைவிட அதிகமாகச் சிதறடிக்கிறது. ரைபோசோம் சரியாக வராத கையில் வேறு எதுவும் வராது.

தயாரிப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வளர்ந்து கொண்டிருக்கும் பாக்டீரியாவைக் குளிரில் உடைத்து, சென்ட்ரிஃபியூஜில் 30,000 ஜி வேகத்தில் அரைமணி நேரம் சுற்றி, மேலே நிற்கும் தெளிவான திரவத்தை எடுக்கவேண்டும். அதை 1.1 மோலார் சுக்ரோஸ் மெத்தைமேல் ஊற்றி, 100,000 ஜி வேகத்தில் இரவு முழுக்கச் சுற்றவேண்டும். காலையில் குழாயை எடுத்துப் பார்த்தால் அடியில் ஒன்றுமே இல்லாததுபோல் இருக்கும். இங்கேதான் கவனம். சுத்தமான ரைபோசோம் வெள்ளையாக இருக்காது, கண்ணாடித் துளிபோல நிறமற்று ஒட்டியிருக்கும். குழாயை வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்தால் விளிம்பு மட்டும் மின்னும். "காலியா இருக்கு" என்று குப்பையில் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதன்மேல் பழுப்பாக ஒரு மெல்லிய படலம் இருந்தால் கொஞ்சம் பஃபரை விட்டு அதை மட்டும் அலசி ஊற்றிவிடுங்கள். அடியிலுள்ளதை பிப்பெட்டால் குத்திக் கலக்க வேண்டாம். பஃபர் விட்டு ஐஸில் ஒரு மணிநேரம் மெல்ல ஆட்டினால் தானாகக் கரையும்.

மக்னீசியத்தை மறக்கவே கூடாது. 10 மில்லிமோலார் மக்னீசியம் இருக்கும்வரை சிறிய பாதியும் பெரிய பாதியும் 70எஸ் ரைபோசோமாகக் கைகோத்து நிற்கும் (எஸ் என்பது சென்ட்ரிஃபியூஜில் துகள் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பதன் அளவு). 1 மில்லிமோலாருக்கு இறக்கினால் 30எஸ், 50எஸ் என்று பிரிந்துவிடும். ஈ.டி.டி.ஏ. இருக்கிற பஃபர் மக்னீசியத்தைப் பிடுங்கிக்கொண்டு துகளையே குலைத்துவிடும். வேறு துகளை ஆராய்கிறவர்களும் இதை நினைவில் வையுங்கள். ஆர்.என்.ஏ. மடிந்து நிற்பதே பல இடங்களில் மக்னீசியத்தின் தயவில்தான்.

முடிந்தால் 10-லிருந்து 40 சதவீதம்வரை சுக்ரோஸ் அடர்த்திச் சரிவில் ஒருமுறை ஓட்டி, 70எஸ் பகுதியை மட்டும் தனியே எடுங்கள். உடைந்த துண்டுகளை நுண்ணோக்கியில் பிரித்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள், மாதக்கணக்கில் கணினிமுன் உட்கார வேண்டிவரும்.

நுண்ணோக்கியை முன்பதிவு செய்வதற்கு முன்

இரண்டு சோதனை. ஒன்று, 260 மற்றும் 280 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சுதல். ரைபோசோமுக்கு இந்த விகிதம் 1.8-க்கும் 2-க்கும் இடையில் வரும். தனிப் புரதத்துக்கு 0.6-ஐ ஒட்டி இருக்கும். ஆர்.என்.ஏ.வோடு ஒட்டும் புரதத்தைப் பாக்டீரியாவில் தயாரிக்கிறவர்கள் இந்த எண்ணை ஊன்றிப் பாருங்கள். புரதம் மட்டும்தான் என்று நீங்கள் நினைக்கும் குழாயில் விகிதம் 1-ஐத் தாண்டினால், பாக்டீரியாவின் ஆர்.என்.ஏ.வும் கூடவே வந்திருக்கிறது.

அளவையும் இதிலேயே கணக்கிடலாம். 70எஸ் கரைசல் 260-இல் 1 என்று காட்டினால் அதன் செறிவு சுமார் 24 நானோமோலார். சாயமிட்டுப் பார்க்க அது போதும். இதைவிடப் பத்து மடங்கு அடர்த்தியாகக் கொண்டுவந்தால் துகள்கள் சந்தைக் கூட்டம்போல ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். எது எங்கே முடிகிறது என்றே தெரியாது. நான் எப்போதும் 260-இல் 1, 0.5, 0.2 காட்டும்படி நீர்த்த மூன்று கரைசல்களைத் தயாராக வைத்துக்கொள்வேன்.

இரண்டாவது, ஆர்.என்.ஏ. ஜெல். ரைபோசோமின் இரண்டு பெரிய ஆர்.என்.ஏ.க்களும் 23எஸ், 16எஸ் என்று இரண்டு பட்டைகளாகக் கூர்மையாகத் தெரியவேண்டும். மேலே உள்ளது கீழே உள்ளதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு பளிச்சென்று இருக்கவேண்டும். பட்டைகள் கலைந்து கீழ்ப்பக்கம் புகைபோல இழுத்திருந்தால் ஆர்.என்.ஏ. அறுபட்டுவிட்டது, நுண்ணோக்கி முன்பதிவை ரத்து செய்யுங்கள்.

அறுப்பது ஆர்.என்.ஏஸ் என்ற நொதி. அது நம் தோலில் இருக்கிறது, வியர்வையில் இருக்கிறது, மேசைத் தூசியில் இருக்கிறது. ஆட்டோகிளேவில் வைத்தாலும் முழுக்கச் சாகாது. கோலாலம்பூர் வெக்கையில் வெளியிலிருந்து வருகிறோம், நெற்றியைத் துடைக்கிறோம், கைப்பேசியைத் தொடுகிறோம், அதே கையுறையோடு பிப்பெட் டிப் பெட்டியைத் திறக்கிறோம். அப்படித்தான் உள்ளே போகிறது. கையுறையை அடிக்கடி மாற்றுங்கள். ஃபில்டர் உள்ள டிப்களையே பயன்படுத்துங்கள். ஆர்.என்.ஏஸை முடக்கும் டி.இ.பி.சி. என்ற வேதிப்பொருளை இட்டு ஆட்டோகிளேவ் செய்த தண்ணீரில் பஃபர் கலக்குங்கள். ஆனால் டி.இ.பி.சி.யை டிரிஸ் பஃபருக்குள் நேராக விடாதீர்கள்; டிரிஸோடு வினைபுரிந்து வீணாகும். தண்ணீரை முதலில் பதப்படுத்தி, அப்புறம் அதில் டிரிஸைக் கரைக்கவேண்டும்.

பஃபரைப் பற்றி இன்னும் ஒன்று. சாயமிடுவதற்குப் பயன்படும் யுரேனைல் அசிடேட், பாஸ்பேட்டைக் கண்டால் உடனே வீழ்படிவாகிவிடும். அந்தத் தங்கச்சியின் பி.பி.எஸ். அன்று செய்தது இதைத்தான். அதில் மக்னீசியமும் இல்லை என்பதால் ரைபோசோமும் முழுசாக நின்றிருக்காது. ஹெப்பிஸ் அல்லது டிரிஸ் பஃபருக்கு மாற்றிக்கொண்டு வாருங்கள். சுக்ரோஸும் கிளிசராலும் நிறைய இருந்தால் சாயம் ஒழுங்காகப் படியாது. டயாலிசிஸ் செய்தோ சின்ன உப்புநீக்கும் பத்தியில் ஓட்டியோ குறைத்துவிடுங்கள்.

சாயமிடுதல்: ஐந்து நிமிடக் கைவேலை

1959-இல் பிரென்னரும் ஹார்னும் எழுதிவைத்த முறை இது, இன்றும் இதற்கு மாற்றில்லை. துகளைச் சுற்றிக் கன உலோக உப்பு காய்ந்து படிகிறது. துகள் இருக்கும் இடம் வெளிச்சமாகவும் சுற்றுப்புறம் இருட்டாகவும் தெரிகிறது. இதை நெகட்டிவ் ஸ்டெயின் என்பார்கள். கிடைக்கும் நுணுக்கம் 20 ஆங்ஸ்ட்ராமை, அதாவது 2 நானோமீட்டரை, ஒட்டியதுதான். ஆனால் துகள் முழுசாக இருக்கிறதா, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதா, எல்லாம் ஒரே அளவா என்பதை அரை நாளில் சொல்லிவிடும். கிரையோவுக்கு நேராகத் தாவ ஆசைப்படுகிறவர்களை நான் இங்கே நிறுத்திவைப்பேன்.

யுரேனைல் அசிடேட் 2 சதவீதக் கரைசல், 0.22 மைக்ரோமீட்டர் ஃபில்டரில் வடிகட்டி, வெளிச்சம் படாதபடி அலுமினியத் தாள் சுற்றி வைத்தது. இது யுரேனியச் சேர்மம். கதிரியக்கம் குறைவு, ஆனால் உள்ளே போனால் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பொடியை நீங்களாக நிறுக்க வேண்டாம். மலேசியாவில் இத்தகைய பொருள்கள் 1984-ஆம் ஆண்டின் அணுசக்தி உரிமச் சட்டத்தின் கீழ் வருகின்றன. ஆய்வகத்தில் பொறுப்பானவர் கலக்கித் தருவார். கழிவும் டிப்பும் ஃபில்டர் தாளும் அதற்கென்று உள்ள பாட்டிலில்தான் போகவேண்டும், சிங்க்கில் ஒரு சொட்டும் போகக்கூடாது.

கிரிட் என்பது 3 மில்லிமீட்டர் அகலச் செம்பு வலை, மேலே மெல்லிய கார்பன் படலம். கார்பன் இயல்பாகத் தண்ணீரை விலக்கும். அதனால் க்ளோ டிஸ்சார்ஜ் கருவியில் அரை நிமிடம்போல வைத்து, தண்ணீர் பரவும்படி செய்கிறோம். எடுத்த அரைமணி நேரத்துக்குள் பயன்படுத்திவிடுங்கள். நடுவில் எழுந்து கோப்பி குடிக்கப் போய்விட்டு வந்தால் திரும்பவும் முதலிலிருந்து வைக்கவேண்டும். பசியாறிவிட்டு வந்து உட்காருங்கள்.

இப்போது செய்கிற விதம். மேசையில் ஒரு துண்டு பாராஃபிலிம் (தண்ணீர் ஒட்டாத மெழுகுத் தாள்) ஒட்டி, அதன்மேல் சாயத்தை 20 மைக்ரோலிட்டர் வீதம் மூன்று சொட்டு வரிசையாக வையுங்கள். பூட்டிக்கொள்ளும் இடுக்கியால் கிரிட்டின் ஓரத்தை மட்டும் பிடியுங்கள். நடுவில் பட்டால் படலம் கிழியும். கார்பன் பக்கம் மேலே இருக்கட்டும். 4 மைக்ரோலிட்டர் சாம்பிளை மேலே விட்டு ஒரு நிமிடம் காத்திருங்கள். சொட்டு தட்டையாகப் பரவினால் க்ளோ டிஸ்சார்ஜ் நன்றாக வந்திருக்கிறது. முத்துபோல உருண்டு நின்றால் வரவில்லை. ஃபில்டர் தாளின் கிழித்த ஓரத்தைக் கிரிட்டின் விளிம்பில் தொடுங்கள். தாள் ஈரத்தை உறிஞ்சும், ஆனால் முழுக்கக் காயவிடாதீர்கள். உடனே முதல் சாயச் சொட்டின்மேல் கிரிட்டைக் கவிழ்த்துத் தொட்டு எடுத்து ஒற்றுங்கள். இரண்டாவதிலும் அதே. மூன்றாவதில் அரை நிமிடம் மிதக்கவிட்டு ஒற்றுங்கள்.

பல கையேடுகளில் சாயத்துக்கு முன் தண்ணீரில் கழுவச் சொல்லியிருக்கும். ரைபோசோம் போன்ற மக்னீசியத்தை நம்பி நிற்கும் துகள்களை நான் தண்ணீரில் கழுவுவதில்லை. முதல் இரண்டு சாயச் சொட்டுகளே கழுவல் வேலையைச் செய்துவிடும்.

கடைசியாக ஒற்றும்போது எவ்வளவு ஈரம் விடுகிறோம் என்பதில்தான் கைப்பக்குவம். நம் ஊரில் மழை நாளில் காற்றே தண்ணீராக இருக்கும். கிரிட் மெதுவாகக் காய்ந்தால் சாயம் திட்டுத் திட்டாகக் கூடிவிடும். நான் பெட்ரி தட்டில் சிலிகா ஜெல் போட்டு, அதற்குள் கிரிட்டை வைத்து மூடிவிடுவேன். முதல் பத்துக் கிரிட் கெட்டுப் போகும், போகட்டும். பதினோராவதில் கை தானாகப் பழகும்.

ஒரு சாம்பிளுக்கு ஒரு கிரிட் என்று நிறுத்தாதீர்கள். மூன்று போடுங்கள்: உங்கள் சாம்பிள், வெறும் பஃபர், ஏற்கெனவே நன்றாக வந்த ரைபோசோம். ஏதாவது விசித்திரமாகத் தெரியும்போது, அது உங்கள் துகளா, பஃபரின் அழுக்கா, அன்றைய சாயத்தின் கோளாறா என்று உடனே தெரிந்துவிடும். நேரமிருந்தால் ஆர்.என்.ஏஸ் வேண்டுமென்றே கலந்த நான்காவது ஒன்று. அதில் துகள் குலைந்தால் அதைத் தாங்கி நின்றது ஆர்.என்.ஏ.தான் என்பதற்கு அது நல்ல சாட்சி.

நுண்ணோக்கி முன்னால்

காலை நேரத்தை முன்பதிவு செய்யுங்கள். கோலாலம்பூரில் மாலையானால் மழையும் இடியும் வழக்கம். மின்னழுத்தம் ஒரு கணம் சரிந்தாலே உயரழுத்தம் நின்று, திரும்ப ஏற்றி நிலைப்படக் காத்திருக்கவேண்டும். அதில் உங்கள் நேரம் முடிந்துவிடும்.

முதலில் குறைந்த உருப்பெருக்கத்தில் கிரிட் முழுவதையும் ஒரு சுற்றுப் பாருங்கள். சில சதுரங்கள் கறுப்பாக, சில வெளிறி, சில கிழிந்து இருக்கும். நடுத்தரச் சாம்பல் நிறத்தில் இருப்பவற்றைத் தேர்ந்தெடுங்கள். 80 முதல் 120 கிலோவோல்ட், 30,000 முதல் 50,000 மடங்குவரை உருப்பெருக்கம் இதற்குப் போதும். கதிரைப் படம் எடுக்கும் இடத்தில் வைத்து ஃபோகஸ் செய்யாதீர்கள், பக்கத்தில் செய்துவிட்டு நகர்ந்து வந்து எடுங்கள். எலெக்ட்ரான் அடித்த இடத்தில் சாயமும் துகளும் மாறிவிடும். ஃபோகஸுக்குச் சற்றுக் கீழே, ஒரு மைக்ரோமீட்டர்போல விலக்கி எடுத்தால்தான் துகளின் விளிம்பு தெரியும். சரியாக ஃபோகஸில் இருக்கும் படம் வெளிறிப்போய், ஒன்றுமில்லாததுபோல் இருக்கும்.

ஆர்.என்.ஏ–புரதத் துகளுக்கென்றே ஒரு சிக்கல் இங்கே உண்டு. யுரேனைல் அயனி ஆர்.என்.ஏ.வின் பாஸ்பேட்டுகளோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் துகளின் சில பகுதிகள் வெளிச்சமாக இல்லாமல் உள்ளேயே கறுத்துத் தெரியலாம். புதியவர்கள் அதைப் பள்ளம் என்றோ ஓட்டை என்றோ எழுதிவிடுகிறார்கள். அதே துகளைக் கிரையோவில் பார்க்கும்வரை அப்படி முடிவுகட்டவேண்டாம். சாயத்தில் காய்ந்த துகள் கொஞ்சம் தட்டையாகியும் இருக்கும்.

அந்தத் தங்கச்சி மூன்று வாரம் கழித்து, ஜெல் படத்தைக் கைப்பேசியில் காட்டிக்கொண்டே திரும்ப வந்தார். இந்தமுறை ஹெப்பிஸ், மக்னீசியம் எல்லாம் சரி. திரையில் முதல் சதுரத்திலேயே உருண்டையாய், ஒரு பக்கம் கோடு விழுந்தாற்போல வரிசையாக நின்றன. அந்தக் கோட்டைத் தொட்டுக் காட்டி, "அக்கா, ரெண்டு பாதியும் சேர்ற இடமா இது?" என்றார். அதேதான். பெரிய பாதியும் சிறிய பாதியும் ஒட்டும் இடுக்கில் சாயம் புகுந்து அப்படிக் கோடாகத் தெரிகிறது. அந்தக் கோடு தெரிந்தால் உங்கள் 70எஸ் முழுசாக இருக்கிறது என்று நம்பலாம்.

நம் நாட்டுத் துகள் ஒன்று

ரைபோசோம் கைவந்த பிறகு அடுத்த மாதிரியாக நான் சொல்வது நிப்பா வைரஸின் நியூக்ளியோகேப்சிட். 1998-99-இல் இந்த நோய் மலேசியாவில் பரவியபோது முதலில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே நினைத்தார்கள். 265 பேர் பாதிக்கப்பட்டு 105 பேர் இறந்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன. மலாயாப் பல்கலைக்கழகத்தில் சுவா காவ் பிங் இந்த வைரஸைப் பிரித்தெடுத்தார். அதை அமெரிக்காவுக்கு எடுத்துப்போய் அங்குள்ள நோய்க் கட்டுப்பாட்டு மையத்தில் எலெக்ட்ரான் நுண்ணோக்கியின் கீழ் வைத்தபோது பாராமிக்சோ குடும்பத்து வைரஸ் என்று தெரிந்தது. கொசு வழியே பரவும் நோய் என்று நினைத்துச் செய்த தடுப்பு வேலைகள் எல்லாம் மாற்றப்பட்டன. வடிவத்தைக் கண்ணால் பார்ப்பது எத்தனை பெரிய காரியம் என்று மாணவர்கள் கேட்கும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான். சுங்கை நிப்பா என்ற கம்பத்தின் (சிற்றூரின்) பெயரே வைரஸுக்கு வந்தது.

உயிருள்ள நிப்பாவை மிக உயர்ந்த பாதுகாப்பு நிலை ஆய்வகத்தில் மட்டுமே தொடலாம். அதற்கும் நமக்கும் சம்பந்தமில்லை. ஆனால் அதன் ஆர்.என்.ஏ.வைப் பொதியும் 'என்' (N) புரதத்தை மட்டும் ஈ. கோலையில் தயாரித்தால், அது பாக்டீரியாவின் ஆர்.என்.ஏ.வையே சுற்றிக்கொண்டு சுருளாக அடுக்கிக்கொள்கிறது. தொற்று அபாயம் கிடையாது. சாயமிட்டுப் பார்த்தால் மீன் முள்ளைப்போல, நடுத்தண்டிலிருந்து இருபக்கமும் சாய்ந்த கோடுகளாகத் தெரியும். பாராமிக்சோ குடும்பத்தின் அடையாளமே அந்த மீன்முள் கோலம்தான். நேர்மேலிருந்து பார்க்கும்படி விழுந்தவை நடுவில் துளையுள்ள வளையங்களாக இருக்கும். இரண்டையும் வேறு வேறு துகள் என்று எண்ணிவிடாதீர்கள்.

இதில் ஒரு கணக்கு எனக்கு மிகவும் பிடிக்கும். ஒவ்வொரு 'என்' புரதமும் ஆர்.என்.ஏ. சங்கிலியின் கண்ணிகளான நியூக்ளியோடைடுகளில் ஆறைப் பிடிக்கிறது. மலேசிய நிப்பாவின் மரபு ஆர்.என்.ஏ. 18,246 நியூக்ளியோடைடு நீளம். ஆறால் வகுத்தால் மீதியின்றி 3,041. ஒரு வைரஸின் சுருளுக்குள் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட புரதங்கள் ஆர்.என்.ஏ.வில் ஓரிடம் விடாமல் மணிபோலக் கோத்து நிற்கின்றன. மீன்முள்ளின் ஒவ்வொரு முள்ளையும் பார்க்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

படத்திலிருந்து வடிவத்துக்கு

தனித்துகள் ஆய்வு என்பது, ஒரே மாதிரியான ஆயிரக்கணக்கான துகள்களின் மங்கலான படங்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிச் சராசரி எடுப்பது. ரிலையான், கிரையோஸ்பார்க் என்ற இரண்டு மென்பொருள்கள் பெரும்பாலும் பயன்படுகின்றன. சாயமிட்ட படத்தில் ஒரு புள்ளி 4 ஆங்ஸ்ட்ராம் என்று வைத்துக்கொண்டால், ரைபோசோம் அறுபது சொச்சம் புள்ளி அகலம் வரும். அதைப்போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு அகலத்தில் பெட்டி வெட்டுங்கள். சில ஆயிரம் துகள் சேர்ந்தால் இருபரிமாணச் சராசரிகள் தெளிந்து வரும்.

துகளைத் தேர்ந்தெடுக்கும்போது ஏற்கெனவே தெரிந்த வடிவத்தை அச்சாக வைத்துத் தேடுவதில் ஆபத்து இருக்கிறது. 2013-இல் கிரையோ நுண்ணோக்கியின் முன்னோடிகளில் ஒருவரான ரிச்சர்ட் ஹெண்டர்சன் இதைப் பற்றி எச்சரித்து எழுதினார். வெறும் இரைச்சல் மட்டுமே உள்ள ஆயிரம் படங்களை எடுத்து, ஐன்ஸ்டைன் முகத்தோடு பொருந்தும்படி நகர்த்திச் சராசரி எடுத்தால், அந்த இரைச்சலிலிருந்தே ஐன்ஸ்டைன் முகம் வந்து நிற்கும். முதல் சுற்றில் கையால் சில நூறு துகள்களைப் பொறுக்குங்கள். அலுப்பாக இருக்கும், ஆனாலும் செய்யுங்கள். உங்கள் சாம்பிளை உங்கள் கண்ணுக்கு அறிமுகப்படுத்தும் வேலை அது.

சொந்தப் படம் வருவதற்கு முன்பே பழக வழியுண்டு. எம்பயர் என்ற பொதுக் களஞ்சியத்தில் 10028 என்ற எண்ணில் மலேரியா ஒட்டுண்ணியின் 80எஸ் ரைபோசோம் படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. எமெட்டின் என்ற மருந்து ஒட்டிய நிலையில் 2014-இல் 3.2 ஆங்ஸ்ட்ராம் நுணுக்கத்தில் கண்ட அமைப்பு அது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட துகள்கள். நல்ல கிராபிக்ஸ் அட்டை உள்ள கணினி இருந்தால் இன்றே இறக்கிக்கொண்டு ஆரம்பிக்கலாம்.

உறைய வைப்பதற்குப் போகும்போது

சாயத்தில் துகள் முழுசாக, தனித்தனியாக, ஒரே அளவில் தெரிந்த பிறகு மட்டும் இங்கே வாருங்கள். 1980-களில் ஜாக் டுபோஷே குழு கண்ட வழி: மெல்லிய நீர்ப்படலத்தில் துகளை வைத்து, திரவ ஈத்தேனுக்குள் சட்டென்று அமிழ்த்தினால் தண்ணீர் படிகமாகாமல் கண்ணாடிபோல உறையும். 2017 நோபல் பரிசில் அவருக்கும் ஹெண்டர்சனுக்கும் யோகிம் ஃபிராங்கிற்கும் பங்கு கிடைத்தது. ஃபிராங்க் தன் கணக்குமுறைகளை வளர்த்ததும் ரைபோசோமை வைத்துத்தான்.

இதற்குச் செறிவு அதிகம் வேண்டும். ரைபோசோமுக்கு 100 முதல் 300 நானோமோலார்வரை வைத்துத் தொடங்குங்கள். கிளிசராலும் சுக்ரோஸும் கிட்டத்தட்ட இல்லாமல் இருக்கவேண்டும், இருந்தால் துகளுக்கும் பின்னணிக்கும் வேறுபாடு குறைந்துவிடும். உறையும் முன் அந்த மெல்லிய படலத்தில் துகள்கள் காற்று தொடும் மேற்பரப்பில் போய் மோதிக்கொண்டே இருக்கும். தளர்வான துகள்கள் அங்கேயே பிரிந்துவிடும், அல்லது எல்லாம் ஒரே பக்கமாகப் படுத்துவிடும். துளைகளின்மேல் மெல்லிய கார்பன் படலம் போட்ட கிரிட் இதற்குக் கைகொடுக்கும், அதில் செறிவும் குறைவாகவே தேவை. ஸ்ப்ளைசோசோம் போல எளிதில் உதிரும் துகள்களுக்கு 2008-இல் வெளிவந்த கிராஃபிக்ஸ் என்ற முறை உண்டு: கிளிசரால் அடர்த்திச் சரிவில் குளூட்டரால்டிஹைடும் ஏறிக்கொண்டே போகும்படி வைத்துச் சுற்றினால், துகள் இறங்கும்போதே மெல்லப் பிணைக்கப்பட்டு உறுதியாகும். டிரிஸ் பஃபர் அந்த ஆல்டிஹைடைத் தின்றுவிடும் என்பதால் அங்கே ஹெப்பிஸ்தான்.

உறையவைக்கும் கருவியின் உள்ளே ஈரப்பதத்தை நூறு சதவீதத்துக்கு அருகில் வைப்போம், படலம் காய்ந்துவிடாமலிருக்க. வெளியிலோ ஈரமே எதிரி. நம் ஊர்க் காற்றிலுள்ள நீராவி, குளிர்ந்த கிரிட்டைக் கண்டதும் வெண்பனித் துகளாக அதன்மேல் வந்து அமரும். அதனால் அறையில் ஈரம் நீக்கும் கருவியை முந்தைய நாளே ஓடவிடுங்கள். இடுக்கிகளையும் கிரிட் பெட்டி திறக்கும் கோலையும் சூடுகாட்டி உலர்த்தி வையுங்கள். முகக்கவசம் போடுங்கள், திரவ நைட்ரஜன் கிண்ணத்துக்கு மேலே குனிந்து மூச்சு விடாதீர்கள். கிண்ணத்தில் வெள்ளையாகப் பொடி மிதக்கத் தொடங்கினால் அந்த நைட்ரஜனைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள், மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். ஒருமுறை உறைந்த கிரிட் சுமார் மைனஸ் 140 டிகிரிக்கு மேலே போனாலே படிகமாகத் தொடங்கும். ஈத்தேன் தீப்பிடிக்கும். நைட்ரஜன் ஒரு லிட்டர் ஆவியானால் ஏறக்குறைய 700 லிட்டர் வாயு. அதனால் நைட்ரஜன் குடத்தை லிஃப்டில் ஏற்றினால் நீங்கள் கூட ஏறாதீர்கள். மேல்மாடியில் ஒருவர் நின்று வாங்கிக்கொள்ளட்டும்.

கிரிட் பெட்டியின் மூடியில் எண்ணை உறையவைப்பதற்கு முன்பே கீறிவிடுங்கள். நோட்டுப் புத்தகத்தில் அந்த எண்ணுக்கு எதிரே நாள், சாம்பிள், 260 அளவு, பஃபர், ஒற்றிய விநாடி, நான்கு குழிகளில் எந்தக் குழியில் எது என்று எழுதுங்கள். நைட்ரஜன் தொட்டிக்குள் போனபின் எல்லாக் கிரிட்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், ஆறு மாதம் கழித்து அதை எடுக்கப்போவது வேறொருவராகவும் இருக்கலாம்.